ஒற்றைத் தென்னையும் 93.5 டிகிரியும்: பேராவூரணிப் பக்கம் ஒரு ஃப்ரீ டிஷ் நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா போன் செய்தாள். "தம்பி, ஞாயித்துக்கிழமை மரம் வெட்ட ஆளு வருது. அதுக்குள்ள நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. உங்க அத்தான் முடிவே பண்ணிட்டாரு." எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கொல்லையில் பெரிய தென்னை என்று சொல்ல ஒன்றுதான் உண்டு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய ராத்திரி, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அக்கா வீட்டுக் கொல்லையில் பதினான்கு மரம் இருந்தது. விடிந்து பார்த்தபோது தென்கிழக்கு மூலையில் ஒன்று மட்டும் நின்றது. அதைத்தான் இப்போது வெட்டப் போகிறார்கள். காரணம், மொட்டை மாடியில் புதிதாக வைத்த டிடி ஃப்ரீ டிஷ்ஷில் படம் வரவில்லை. மரம் மறைக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

டிவி மெக்கானிக்காகப் பட்டுக்கோட்டையில் பல வருஷம் கடை வைத்திருந்தவன் நான். டிஷ் வேலையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வீட்டில் நடந்ததை முழுசாக எழுதி வைப்பதற்குக் காரணம், இதே தப்பு வேறு வேறு ரூபத்தில் நம் ஊர்களில் தினமும் நடக்கிறது. டிஷ்ஷை வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது உதவும்.

நான் போவதற்கு முன் நடந்தது

மாசாமாசம் ரீசார்ஜ் செய்து அலுத்துப்போய், அத்தான் ஃப்ரீ டிஷ் செட் ஒன்றை டவுனில் வாங்கி வந்திருக்கிறார். பிரசார் பாரதியின் சேவை. மாதக் கட்டணம் கிடையாது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஓடுகிறது. தமிழுக்கு அதில் கிடைப்பது குறைவு, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் 2024 ஜனவரி வரை பொதிகையாக இருந்த டிடி தமிழ் வரும். அத்தானுக்கு வேளாண்மை நிகழ்ச்சியும் செய்தியும் இருந்தால் போதும்.

பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் தானே மாட்டுகிறேன் என்று இறங்கினான். மாடிப்படி அறையின் சுவரில் பைப்பை ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்தி, டிஷ்ஷைப் பூட்டி, ஒரு வீடியோவைப் பார்த்து அதில் காட்டிய எண்களை அப்படியே வைத்தான். திசை 149, உயரக் கோணம் 52, எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் ஒரு கையில் நின்று அலையை வாங்கும் மூக்கு) சாய்வு 27. ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் போராடிவிட்டு டவுனிலிருந்து ஒரு ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து டிஷ்ஷைத் தென்கிழக்காகத் திருப்பினார், சற்று நிமிர்த்தினார், பார்த்தார். நேர் எதிரே தென்னை. "மரம் மறைக்குது, அதை எடுத்தாத்தான் சிக்னல் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு நான் மாடி ஏறினேன். அக்கா மகன் முகம் வாடிப்போயிருந்தது. "மாமா, வீடியோல சொன்னபடியேதான் வச்சேன். ஒரு டிகிரிகூட மாத்தல." அவன் சொன்னது உண்மை. அதுதான் சிக்கலே.

அந்த எண்கள் யாருடையவை

வீடியோவை எனக்கும் காட்டினான். இந்தியில் பேசுகிறார்கள், இவனுக்கு மொழி புரியவில்லை, திரையில் தெரிந்த எண்களை எழுதிக்கொண்டிருக்கிறான். 149, 52, 27 என்பவை டெல்லிக்கான எண்கள். டெல்லியில் ஒருவர் அதை அப்படியே வைத்தால் படம் பளிச்சென்று வரும்.

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. நிற்கிறது என்றால் பூமி சுற்றுகிற வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் நமக்கு அசையாததுபோல் தெரிகிறது. கீழே 93.5 டிகிரியில் இருப்பது அந்தமானையும் தாண்டிய தெற்குக் கடல். டெல்லியிலிருந்து பார்த்தால் அது தெற்கே, தூரத்தில், வானத்தில் பாதி உயரத்துக்குச் சற்று மேலே. பேராவூரணியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, கொஞ்சம் தென்கிழக்காக.

பேராவூரணிக்கு நான் கணக்குப் போட்டது இது: வடக்கிலிருந்து வலமாகத் திசைக் கோணம் 125, உயரக் கோணம் 69 டிகிரிக்குச் சற்று மேல், எல்என்பி சாய்வு 54. டெல்லிக்கும் இதற்கும் திசையில் 24, உயரத்தில் 17, சாய்வில் 27 டிகிரி வித்தியாசம். பையன் வைத்த இடத்தில் வானத்தில் எந்த டிவி செயற்கைக்கோளும் கிடையாது. அவன் இன்னும் ஒரு மாசம் முயன்றிருந்தாலும் அங்கே எதுவும் அகப்பட்டிருக்காது.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் மாறும். சென்னைக்குத் திசை 134, உயரம் 68, சாய்வு 45. கோயம்புத்தூருக்கு 123, 67, 56. கன்னியாகுமரிக்கு 116, 69, 63. உயரக் கோணம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது, நாலைந்து டிகிரிக்குள் அடங்கிவிடும். மாறுவது திசையும் எல்என்பியின் சாய்வும்தான். ஆகவே சென்னையில் இருக்கும் சிநேகிதர் சொன்ன எண்ணைக்கூட நாகர்கோவிலில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கக் கூடாது.

தெருவில் சன் டைரக்ட் டிஷ் பழசு ஏதாவது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பார்த்து ஆரம்பிக்கலாம். அது இதே 93.5 டிகிரியையோ பக்கத்திலுள்ள 91.5-ஐயோ பார்க்கும். மற்ற கம்பெனி டிஷ்கள் வேறு வேறு இடத்தைப் பார்க்கும்.

டிஷ் பார்க்கும் இடமும் டிஷ்ஷின் முகமும்

இனி மரத்துக்கு வருவோம். ஃபிட்டர் சொன்னதை யாரும் தப்பென்று நினைக்க முடியாது. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று பார்த்தால் அதன் முகம் நேராகத் தென்னந்தலையைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. அத்தானும் நின்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்திருக்கிறார்.

வீடுகளில் வைக்கும் டிஷ் நடுவில் எல்என்பி உள்ள வட்டச் சட்டி இல்லை. ஒரு பெரிய குழிச் சட்டியின் மேல் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல வடிவம். அதனால்தான் எல்என்பி கீழே ஒரு கையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அலை முகத்துக்கு நேராக வராது. முகம் பார்க்கும் திசையைவிட ஏறக்குறைய 25 டிகிரி மேலேயிருந்து வந்து, பட்டுத் திரும்பி, கீழே இருக்கும் எல்என்பியில் குவியும். இந்த 25 டிகிரி டிஷ்ஷுக்கு டிஷ் கொஞ்சம் மாறும். டேப் இருந்தால் கண்டுபிடிக்கலாம். அக்கா வீட்டு டிஷ் அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 66. அறுபதை அறுபத்தாறால் வகுத்தால் 0.909, எந்தக் கோணத்துக்கு கொசைன் இதுவோ அதுதான் இந்த டிஷ்ஷின் தள்ளல். 24.6 டிகிரி வந்தது.

69.4-இல் 24.6 போனால் 44.8. அதாவது பேராவூரணியில் இந்த டிஷ்ஷின் முகம் செங்குத்திலிருந்து கிட்டத்தட்ட சரியாக 45 டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். டெல்லியில் 27 அல்லது 28 டிகிரி சாய்ந்தால் போதும். அங்கே டிஷ் நிமிர்ந்து நிற்கும், நம் ஊரில் மல்லாந்து கிடக்கும். நிமிர்ந்து நிற்கிற டிஷ்தான் சரி என்று வீடியோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் ஊர்ச் சாய்வு தப்பாகத் தெரிகிறது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

மரத்தை அளந்தோம். பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, நடு ஓட்டையில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டேன். நேர் விளிம்பு வழியாக மரத்தைப் பார்த்தால் நூல் கோணத்தைக் காட்டும். டிஷ் இருக்கும் இடத்தில் குனிந்து நின்று, வீட்டுப் பக்கம் நீண்டு வரும் மட்டையின் நுனியைப் பார்த்தோம். மூன்று தடவை பார்த்தோம்: 62, 64, 63. அலை வருவது 69-இல். இடையில் ஆறு டிகிரி இருக்கிறது. டிஷ்ஷிலிருந்து அந்த நுனி படுக்கைவாட்டில் ஐந்து மீட்டர் தள்ளி, பத்து மீட்டர் உயரத்தில் இருந்தது. அலை அந்த இடத்தைக் கடக்கும்போது பதின்மூன்று மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். மரம் காற்றில் ஆடினாலும் தொடாது.

அத்தான் பாகைமானியைக் கையில் வாங்கி, தானும் ஒரு தடவை கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அப்ப அந்த ஃபிட்டர் பையன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்டார்.

அதையும் நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஃபிட்டர் வழக்கமாக மாட்டுவது 108.2 டிகிரியில் இருக்கும் வேறொரு செயற்கைக்கோளுக்கு. அந்த டிஷ் இங்கே 54 டிகிரி உயரத்தைத்தான் பார்க்கும். அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தால் இந்த மரம் நிஜமாகவே குறுக்கே வரும். அவர் தன் வேலையில் நூறு வீட்டில் கண்ட கோணத்தையே இங்கேயும் கண்டிருக்கிறார். கை பழகிய கோணம் ஒன்று, இந்தச் செயற்கைக்கோளின் கோணம் வேறு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு நூலும் பாகைமானியும் கையில் வைத்திருந்தால் அவரே அந்த இடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

பைப்பு

டிஷ்ஷைத் தொடுவதற்கு முன் பைப்பைப் பார்த்தேன். எந்த வீட்டிலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ரசமட்டத்தைப் பைப்பின் மேல் பக்கவாட்டில் வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. தூக்குநூல் விட்டோம், மேலிருந்து கீழே ஒரு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் விலகல். ஏறக்குறைய மூன்று டிகிரி சாய்வு, தென்கிழக்காக. மேல் ஆங்கர் போல்ட் பழைய பூச்சில் பிடிமானமில்லாமல் இளகியிருந்தது.

மூன்று டிகிரி என்ன பெரிய விஷயம் என்று பையன் கேட்டான். 60 சென்டிமீட்டர் டிஷ் இந்த அலைவரிசையில் பார்க்கும் வானத்தின் அகலமே மூன்று டிகிரி சொச்சம்தான். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் வரும் சக்தி பாதியாகும். விளிம்பில் ஆறு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு டிகிரி. ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை. பைப்பு செங்குத்தாக இல்லையென்றால் இன்னொரு கெடுதல்: டிஷ்ஷை இடமும் வலமும் திருப்பும்போது உயரக் கோணமும் கூடவே மாறிக்கொண்டே போகும். ஒரு பக்கம் சரியாக வைத்தது அடுத்த பக்கம் தப்பாகிவிடும். தேடுகிறவன் ஒரே கோட்டில் தேடுவதாக நினைத்துக்கொண்டிருப்பான். டிஷ் ஒரு சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்.

பழைய போல்ட்டைக் கழற்றி, ஒரு சாண் கீழே நல்ல செங்கல் பார்த்துப் புது ஓட்டை போட்டு, அடிக் கிளாம்ப்புக்குப் பின்னால் இரண்டு வாஷர் கொடுத்து நிமிர்த்தினோம். இதற்கே ஒரு மணி நேரம் ஆனது. அந்த நாளில் மிகவும் பிரயோஜனமாகப் போன ஒரு மணி நேரம் அதுதான்.

தேடியது

பாக்ஸையும் ஒரு சின்ன டிவியையும் மாடிக்கே கொண்டுவரச் சொன்னேன். கீழே ஒருவர் டிவியைப் பார்த்துக் கத்த, மேலே ஒருவர் திருப்புவது என்பது மனஸ்தாபத்தில்தான் முடியும். டிவிக்கு மேல் ஒரு போர்வையைப் பந்தல்போல் கட்டினோம், வெயிலில் திரை தெரிய வேண்டுமே.

பாக்ஸின் அமைப்பில் எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600 என்று இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அலைவரிசை 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் இரண்டு பட்டை. மேலே இருப்பது ஸ்ட்ரென்த். அது ஏற்கனவே 50-ஐத் தாண்டி நின்றது. இதைப் பார்த்துத்தான் பையன் "ஏதோ வருதே" என்று நம்பியிருக்கிறான். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அதன் இரைச்சலுக்கு அந்தப் பட்டை ஏறிவிடும். டிஷ்ஷைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் 50 காட்டும். நாம் பார்க்க வேண்டியது கீழே இருக்கும் குவாலிட்டி மட்டும்தான். அது பூஜ்யம்.

உயரத்தை முதலில் வைத்தேன். கிளாம்ப்பில் அச்சடித்த கோடுகளை நான் நம்புவதில்லை. ஒரு நேரான ரீப்பர் சட்டத்தை டிஷ்ஷின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் குறுக்கே பிடித்து, அதன்மேல் 45 டிகிரி மூலைமட்டத்தின் நீண்ட பக்கத்தை ஒட்டவைத்து, பக்கத்தில் தூக்குநூலைத் தொங்கவிட்டோம். மூலைமட்டத்தின் ஒரு குறும்பக்கம் நூலோடு நூலாக ஒட்டி நின்றால் முகம் சரியாக 45. பையன்தான் பிடித்தான், நான் நட்டை முடுக்கினேன். அப்போதுதான் அவன் முகத்தில் கொஞ்சம் உற்சாகம் வந்தது.

திசைக்குப் போன் காம்பஸ். இதை டிஷ் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. இரும்புப் பைப்பு அதை இழுத்துவிடும். மூன்று மீட்டர் பின்னால் தள்ளி நின்று, பைப்பைக் கோட்டில் வைத்துப் பார்த்தேன். 125 டிகிரியில் தென்னையின் அடிமரம். மரத்தையே குறியாக வைத்துக்கொண்டோம். காம்பஸ் இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் நம் ஊரில் கவலைப்பட வேண்டாம். இவ்வளவு உயரத்தைப் பார்க்கும் டிஷ்ஷில் பைப்பைச் சுற்றி மூன்று டிகிரி திருப்பினால்தான் வானத்தில் ஒரு டிகிரி நகரும். உயரக் கோணத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே நம் பக்கத்தில் உயரத்தைத் துல்லியமாக வைத்துவிட்டு, திசையைத் தாராளமாகத் தேட வேண்டும். பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

தெற்கிலிருந்து கிழக்காக மெதுவாகத் திருப்பத் தொடங்கினோம். ஒரு விரல் அகலம் நகர்த்து, மூன்று வினாடி பொறு, பட்டையைப் பார். பாக்ஸ் உடனே சொல்லாது, யோசித்துத்தான் சொல்லும். சர்ரென்று திருப்பினால் சரியான இடத்தைக் கடந்து போன பிறகுதான் பட்டை அசையும்.

முதலில் ஒன்று அகப்பட்டது. ஆனால் 11090-இல் குவாலிட்டி வரவில்லை. தேடச் சொன்னால் பூட்டுப் போட்ட கட்டணச் சேனல்களாக ஒரு பட்டியல் வந்தது. பையன் குதித்தான், நான் வேண்டாம் என்றேன். 93.5-க்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக அண்டை வீட்டார் உண்டு, 91.5-இல் மீசாட், 95-இல் எஸ்இஎஸ் செயற்கைக்கோள்கள். மேலே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும் நம் மாடியில் அது விரல் அகலம். தவறான செயற்கைக்கோளில் டிஷ்ஷை இறுக்கிவிட்டு, பாக்ஸ் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் கிழக்கே. பதினொன்றே முக்காலுக்குக் குவாலிட்டி பட்டை சிவப்பாக ஒரு தடவை துள்ளி 22 என்று காட்டியது, விழுந்தது, மறுபடி வந்தது. நிறுத்தினோம். மேலே கீழே ஒரு நூல் அளவு அசைத்ததில் 41. திசையை இடமும் வலமும் நகர்த்தி, இரண்டு பக்கமும் எங்கே விழுகிறது என்று பென்சிலால் பைப்பில் கோடு போட்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவில் வைத்தோம். 55. அதற்கு மேல் நகரவில்லை.

எல்என்பியின் கழுத்து

அந்த 55-இல் படம் வந்தது. டிடி தமிழும் வந்தது. கீழேயிருந்து அக்கா சத்தம் கேட்டு ஏறி வந்துவிட்டாள். பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்தி, நட்டை இறுக்கி, காபி குடிக்கப் போய்விடுவார்கள். பிறகு ஐப்பசி மழையில் நாலு தூறல் விழுந்ததும் படம் கட்டம் கட்டமாக உடையும். மழை நீர் இந்த அலையை உறிஞ்சும். அதைத் தாங்கக் கையில் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

மிச்சம் ஒளிந்திருந்தது எல்என்பியின் சாய்வில். பையன் டெல்லிக் கணக்கில் 27 வைத்தது அப்படியே இருந்தது. ஃபிட்டரும் அதைத் தொடவில்லை.

செயற்கைக்கோள் அலையைச் செங்குத்து, கிடை என்று இரண்டு தளத்தில் அனுப்புகிறது. பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால் எல்என்பி செங்குத்தைக் கேட்கும், 18 வோல்ட்டுக்குக் கிடையை. ஆனால் செங்குத்து என்பது செயற்கைக்கோளின் செங்குத்து. நாம் அதை ஓரத்திலிருந்து பார்ப்பதால் நமக்கு அது சாய்ந்து தெரியும். தீர்க்கரேகை வித்தியாசத்தின் சைனை நம் அட்சரேகையின் டேஞ்சென்டால் வகுத்தால் அந்தச் சாய்வின் டேஞ்சென்ட் கிடைக்கும். பூமத்திய ரேகைக்கு நெருங்க நெருங்க அட்சரேகையின் டேஞ்சென்ட் சிறுக்கும், சாய்வு பெருக்கும். அதனால்தான் வடக்கே 27 போதும், நமக்கு 54.

27 டிகிரி தப்பாக இருந்தால் சேதம் எவ்வளவு? வர வேண்டிய சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வரக்கூடாத மற்றத் தளத்து அலை அதே ஐந்தில் ஒரு பங்கு உள்ளே நுழைந்து, நல்ல அலையோடு கலந்து கெடுக்கும். குவாலிட்டி ஏறாமல் நிற்பது இதனால்.

கிளாம்ப் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். டிஷ்ஷுக்குப் பின்னால், டிஷ் பார்க்கும் திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றால், எல்என்பியில் கேபிள் மாட்டும் வாய் கடிகாரத்தில் ஐந்து மணிக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. அதை நாலு மணிப் பக்கம் திருகினேன். விரல் அகலத்தில் கால் பங்கு திருகு, பொறு, பார். 58. 63. 70. நாலு மணியைத் தொடும் நேரத்தில் 78. அதைத் தாண்டியதும் 74-க்கு இறங்கியது, திரும்பி வந்து நிறுத்தினேன். பாகைமானியை வைத்துப் பார்த்தால் 54-க்குப் பக்கத்திலேயே இருந்தது. கணக்கும் கையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததைப் பார்த்துப் பையன் சொன்னான், "மாமா, இதுக்குத்தான் டேஞ்சென்ட் படிக்கச் சொல்றாங்களா?" அந்தக் கேள்விக்காகவே நான் அன்றைக்கு வந்தது நல்லதாகப் போயிற்று.

இந்தப் பட்டை எண்கள் அந்த பாக்ஸுக்கு மட்டும் பொருந்துபவை. வேறு பாக்ஸில் 78 என்பது 65 என்று காட்டலாம். எண்ணைவிட, இனி எந்தப் பக்கம் நகர்த்தினாலும் குறைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இறுக்கியதும் கேபிளும்

நட்டை இறுக்கும்போது டிஷ் நகரும். ஒரு பக்க நட்டை முழுசாக முடுக்கியதில் 78 என்பது 71 ஆனது. தளர்த்தி, இடம் ஒரு சுற்று, வலம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி, பட்டையைப் பார்த்துக்கொண்டே இறுக்கினோம். 77-இல் நின்றது. போதும்.

கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தேன். எஃப் கனெக்டருக்குள் பின்னல் கம்பியின் ஒரு இழை நடுச் செம்புக்கு ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது. பட்டிருந்தால் பாக்ஸ் எல்என்பி ஷார்ட் என்று சொல்லி அணைந்திருக்கும். வெட்டிப் புதுசாகப் போட்டு, நடுக்கம்பி கனெக்டர் வாயைவிட இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, ரப்பர் உறை மாட்டினேன். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விட்டோம். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வழியாது.

முழுத் தேடல் ஓடவிட்டபோது மணி ஒன்றரை. அக்கா வாழையிலை போட்டுவிட்டாள். அத்தான் சாப்பிடுவதற்கு முன் வாசலில் நின்று மரம் வெட்டுகிறவருக்குப் போன் செய்து, "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 15

கிளம்பும்போது அக்காவிடம் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை சூரியன் சரியாக இந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். பேராவூரணிக்கு அது மார்ச் 15, 16 வாக்கில் காலை பதினொன்றே கால் மணிக்கு. மறுபடி செப்டம்பர் 27, 28 வாக்கில் பதினொரு மணிக்குச் சற்று முன். சூரியனின் இரைச்சல் சிக்னலை மூழ்கடிப்பதால் சில நிமிஷம் படம் போகும், தானே வரும். முன்னும் பின்னும் ஓரிரு நாள் லேசாகத் தெரியும். யாரையும் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பச் சொல்லாதே என்றேன்.

அந்தச் சில நிமிஷம் வேறொன்றுக்கு ரொம்பப் பயன்படும். அப்போது வெயில் எந்த வழியாக வருகிறதோ, அதே வழியாகத்தான் சிக்னலும் வருகிறது. டிஷ்மேல் மரத்தின் நிழல் விழுந்தால் மரம் நிஜமாகவே மறைக்கிறது. வெயில் விழுந்தால் மறைக்கவில்லை. பாகைமானியே வேண்டாம். புதிதாக டிஷ் வைக்க இடம் தேடுகிறவர்கள் மார்ச்சிலோ செப்டம்பரிலோ அந்த ஓரிரு நாளில் அதே நேரத்துக்கு மாடியில் போய் நிழலைப் பார்த்துவிட்டாலே போதும்.

மார்ச் 15, பதினொன்று பதினாறுக்குப் போன் வந்தது.

"தம்பி, படம் போயிடுச்சு. நீ சொன்ன மாதிரியே."

"மாடிக்குப் போக்கா. டிஷ்ஷைப் பாரு."

படி ஏறுகிற மூச்சு கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"டிஷ் மேல நல்லா வெயில் அடிக்குது. அந்த மூக்கு பளபளன்னு இருக்கு." எல்என்பியைச் சொன்னாள். "மட்டை நிழல் தரையில ஆடுது. டிஷ்ஷுக்கு மூணு முழம் இருக்கறப்பவே நின்னுடுச்சு, இதுக்கு மேல வரல."

எங்கள் அளவுப்படி ஒன்றேகால் மீட்டர் இருக்க வேண்டும். மூன்று முழம் சரிதான். இன்னும் மூன்று மீட்டர் போல மரம் வளர்ந்தால் அந்த நிழல் டிஷ்ஷைத் தொடும். அதற்குச் சில வருஷம் இருக்கிறது. அப்போது டிஷ்ஷை வடமேற்கே இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக்கொடுக்க வேண்டும். பையனிடம் சொல்லிவிட்டேன், அவனே செய்துவிடுவான்.